வாய்க்கால் கரைக்கு எவ்வளவு அகல ஹேண்டில்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் விளங்கும். கும்பகோணத்தில் இருக்கிறீர்கள். உயரம் 5 அடி 6 அங்குலம். மூன்று மாதத்துக்கு முன் மலைச் சைக்கிள் ஒன்று வாங்கினீர்கள், அதோடு வந்த ஹேண்டில்பாரின் அகலம் 720 மி.மீ. காலையில் அரசலாற்றங்கரை, அதை ஒட்டிய வாய்க்கால் கரைகள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொள்ளிடம். வீடியோக்களில் எல்லோரும் 780, 800 என்கிறார்கள், நானும் மாற்றிவிடலாமா என்கிறீர்கள். கூடவே, ஒரு மணி நேரம் ஓட்டினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன, ஹேண்டில் குறுகலாக இருப்பதுதான் காரணமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுக்கும் பதில் 'இல்லை'தான். 780 உங்களுக்கு வேண்டாம். விரல் மரப்பதற்கும் அகலத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதில் நான் ஒருமுறை விழுந்து எழுந்தவன், சும்மா சொல்லவில்லை, வெண்ணாற்று வாய்க்காலிலேயே விழுந்தேன்.

அகல ஹேண்டில் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். இந்த வகைச் சைக்கிள் பிறந்தது 1970-களில், கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில். பழைய கனமான சைக்கிள்களை மலை மேலே ஏற்றிக்கொண்டு போய், மண் பாதையில் கண்மண் தெரியாமல் இறங்குவது அங்கே சிலருக்குப் பொழுதுபோக்கு. அதற்கு மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோன்ற அகலமான ஹேண்டில் வைத்துக்கொண்டார்கள், பிரேக் லீவரைக்கூட மோட்டார் சைக்கிளில் இருந்து எடுத்தார்கள். பிறகு 90-களில் பந்தயம் சூடுபிடித்தது, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் சேர்த்தார்கள். அப்போது ஏற்றத்தில் வேகமாகப் போவதும் மரங்களுக்கு நடுவில் நுழைந்து வருவதும்தான் முக்கியம் என்றாகி, ஹேண்டில் 600 மி.மீ.க்கும் கீழே குறுகியது, ஸ்டெம், அதாவது ஹேண்டிலைச் சைக்கிளோடு பிடித்து வைக்கும் முன்நீட்டிய துண்டு, நீண்டது. அதற்கப்புறம் ஷாக் அப்சார்பரும் டிஸ்க் பிரேக்கும் நன்றாக வந்து, இறக்கத்தில் வேகம் கூடக்கூட, ஸ்டெம் குட்டையாகி ஹேண்டில் மறுபடி அகன்றது. இன்றைக்குப் பந்தய வகைக்கு 720 முதல் 760, மலைப் பாதைக்கு 760 முதல் 780, செங்குத்து இறக்கத்துக்கு 800 என்பது பொதுவான வழக்கம். அகலம் கூடுவதும் குறைவதும் தரத்தைப் பொறுத்ததல்ல, ஓட்டும் நிலத்தைப் பொறுத்தது.

அகலம் என்ன செய்யும்? கடப்பாரையின் நுனியைப் பிடித்து நெம்புவதற்கும் நடுவில் பிடித்து நெம்புவதற்கும் உள்ள வித்தியாசம்தான். 720-இல் பாதி 360. 780-இல் பாதி 390. கை மூன்று சென்டிமீட்டர் வெளியே தள்ளிப்போகிறது, நெம்புகோல் சுமார் 8 சதவீதம் நீள்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கல்லும் வேருமான இறக்கத்தில் போகும்போது முன்சக்கரத்தை ஒரு கல் திருப்பப் பார்க்கும். அதை அடக்கிப் பிடிக்க அந்த 8 சதவீதம் உயிர் காக்கும். அதற்கு விலையும் உண்டு. அதே அளவு திருப்ப, கை 8 சதவீதம் கூடுதலாக நகர வேண்டும். முழங்கை வெளியே விரியும், நெஞ்சு முன்னே குனியும், உட்காரும் இடத்துக்கும் கைப்பிடிக்கும் உள்ள தூரம் கூடியதுபோல் இருக்கும். ஹேண்டில் 20 மி.மீ. அகன்றால் ஸ்டெம் 10 மி.மீ. நீண்ட மாதிரி என்று ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். கையால் உணர்ந்து பார்த்ததில் அது ஏறக்குறைய சரிதான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். டெல்டாவில் இறக்கம் எங்கே இருக்கிறது? கரை மேல் ஏறுவது ஓர் ஏற்றம், கரையை விட்டு இறங்குவது ஓர் இறக்கம், அவ்வளவுதான். தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம் பக்கம் போனால் செம்புரை மேடு, மழைநீர் அரித்த ஓடைகள் என்று கொஞ்சம் ருசி பார்க்கலாம். அதைத் தாண்டி கந்தர்வகோட்டை, ஆதனக்கோட்டை போனால் முந்திரித் தோப்பும் தைலமரக்காடும் வரும், செம்மண் பாதை அருமையாக இருக்கும். நிஜ மலை வேண்டுமென்றால் பச்சைமலைக்கோ கொல்லிமலைக்கோ வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். நாம் தினமும் ஓட்டுவது மட்டமான கரை. வேகம் 15, மிஞ்சினால் 20. இந்த வேகத்தில் சக்கரத்தைத் திருப்பப் பார்ப்பவை காய்ந்து இறுகிய டிராக்டர் தடமும், பனைமர வேரும், மாடு மிதித்துக் காய்ந்த களிமண் குழியும்தான். அதற்கு 720 தாராளம்.

இன்னொரு விஷயம் உண்டு. எனக்கு இது உறைக்கவே இரண்டு வருடம் ஆனது. நம் கரைப் பாதைகளை உண்டாக்குவது யார்? பால் கேனோடு போகிற டிவிஎஸ் எக்ஸெல், உர மூட்டையோடு போகிற நூறு சிசி பைக். சீமைக் கருவையும் மூங்கிலும் இரண்டு பக்கமும் சாய்ந்து கிடக்கும் இடத்தில் நடுவில் ஒரு வழி இருக்கிறதென்றால், அது அந்த வண்டிகளின் ஹேண்டில் போய்வந்து போய்வந்து கிளைகளை ஒடித்து உண்டாக்கிய வழி. நூறு சிசி பைக்குகளின் மொத்த அகலமே பெரும்பாலும் 720-இல் இருந்து 800 மி.மீ.க்குள்தான். நம் கை இருக்கும் உயரமும் ஏறத்தாழ அதே உயரம். ஆகவே 780 மாட்டினால், கருவை முள் நிற்கும் கோட்டிலேயே உங்கள் சுண்டுவிரல் போகும். கையுறை போட்டிருந்தாலும் முள் ஏறும், எனக்கு ஏறியிருக்கிறது. ஒரு பக்கத்துக்கு மூன்று சென்டிமீட்டர் உள்ளே இருந்தால் முள் உங்களைத் தொடாமல் போய்விடும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் வேலை பார்த்தபோது நந்தி மலைப் பக்கம் ஓட்டப் பழகி, 800 மி.மீ. ஹேண்டில் மாட்டியிருந்தேன். திருவையாற்றுக்குத் திரும்பி வந்தபோதும் அதேதான். சுற்றிவர ஐந்து ஆறு உள்ள ஊர், ஓட்டக் கரைக்கா பஞ்சம்? ஒரு மார்கழிக் காலை, வெண்ணாற்றை ஒட்டிய கிளை வாய்க்கால் கரையில் போய்க்கொண்டிருந்தேன். பனி. ஒரு பழைய மதகு. அதன் இரண்டு பக்கமும் கருங்கல் தூண். ஒன்று நேராக நிற்கிறது, மற்றது பாதைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. நூறு முறை கடந்த இடம்தான். அன்றைக்கு எதிரே ஒரு பாட்டி தலையில் புல்லுக்கட்டோடு வந்தார்கள், ஒதுங்குவோம் என்று கொஞ்சம் இடப்பக்கம் போனேன். ஹேண்டிலின் இடது முனை கல்லில் 'டக்' என்று பட்டது, அவ்வளவுதான். சக்கரம் குறுக்கே திரும்பிவிட்டது, நான் முழங்கால் அளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். பாட்டி கட்டை இறக்காமலேயே, "ஏந்தம்பி, எறங்கித் தள்ளிக்கிட்டுப் போறதுக்கென்ன?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது தொடையில் அரைவட்டமாக ஒரு வெட்டு. பிறை நிலாவை அச்சு எடுத்த மாதிரி. ஹேண்டில் குழாயின் முனையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்குமே, அது எப்போதோ விழுந்து போயிருந்தது, நான் கவனிக்கவில்லை. மூடியில்லாத குழாய் முனை சதையில் அச்சு வெட்டுவதுபோல் இறங்கும். விழும்போது உடம்புப் பாரம் அதன் மேல் வந்தால் வயிற்றுக்குள்ளேகூட இறங்கிவிடும். இதைப் படிப்பவர்கள் அகலத்தைப் பற்றி என்ன முடிவு எடுத்தாலும் சரி, இப்போதே எழுந்து போய் இரண்டு முனையிலும் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புதிது கிடைக்கும் வரை ஒயின் கார்க்கோ, நன்றாகச் செதுக்கிய நெட்டியோ, ஏதாவது ஒன்றை இறுக்கி அடையுங்கள்.

மறுநாள் டேப் எடுத்துக்கொண்டு போய் அந்த மதகை அளந்தேன். ஹேண்டில் உயரத்தில் இரண்டு கல்லுக்கும் நடுவே 93 சென்டிமீட்டர். என் ஹேண்டில் 80. பக்கத்துக்கு ஆறரை சென்டிமீட்டர் மிச்சம். நடந்து போகிற வேகத்தில் அது போதும். பனியில், எதிரே ஆள் வரும்போது போதாது. இப்போது நான் ஓட்டுவது 730. உயரம் 5 அடி 9. கொல்லிமலைக்குப் போகும்போது இன்னும் கொஞ்சம் அகலம் இருந்தால் தேவலை என்று தோன்றும், ஒப்புக்கொள்கிறேன். வருடத்துக்கு இரண்டு நாளுக்காக மிச்ச நாளெல்லாம் முள்ளில் கையைக் கொடுக்க முடியுமா?

ஆனால் ஒரு பக்கம் மட்டும் பேசக் கூடாது. கொள்ளிடத்து மணலில் அகலம் உதவும். கோடையில் ஆறு வற்றி மணல் திட்டாகக் கிடக்கும்போது ஓட்டியிருப்பீர்கள், முன்சக்கரம் குழந்தை மாதிரி சொன்ன பக்கம் போகாது. அகல ஹேண்டில் அதை நேரே பிடித்து நிறுத்தும். ஆனாலும் அங்கே நிஜமாக வேலை செய்வது டயர் அகலமும் காற்று அளவும் உங்கள் பாரம் எங்கே இருக்கிறது என்பதும்தான். அகல ஹேண்டிலில் உடம்பு முன்னே குனிந்து பாரம் முன்சக்கரத்தில் விழுந்தால், சக்கரம் மணலுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். பின்னால் தள்ளி உட்கார்ந்து, கையைத் தளர விட்டு, ஒரே சீராக மிதித்தால் 720-இலேயே கடந்துவிடலாம். அணைக்கரைப் பக்கம் போனால் தண்ணீர் தேங்கிய மடுவுக்குப் பக்கத்தில் இறங்காதீர்கள். அந்தப் பகுதியில் கொள்ளிடத்தில் முதலை உண்டு. அதற்கு எந்த அகலமும் உதவாது.

காற்றையும் கணக்கில் எடுங்கள். ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது மயிலாடுதுறையில் இருந்து கும்பகோணம் திரும்பிப் பாருங்கள். கை விரிந்து, நெஞ்சு காற்றை வாங்கினால் பாய்மரம் விரித்தமாதிரிதான், என்ன, கப்பல் பின்னால் போகும். முழங்கையை மடக்கிக் கையை ஒடுக்கிக்கொண்டால் அவ்வளவு வலிக்காது. அதற்கும் குறுகல் ஹேண்டில்தான் தோது.

சரி, உங்கள் உடம்புக்கு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தரையில் தண்டால் எடுங்கள். பத்து எடுத்து, கை எங்கே இருந்தால் பலம் முழுதாக இறங்குகிறதோ அங்கே நிறுத்துங்கள். இரண்டு உள்ளங்கைகளின் வெளி விளிம்புக்கு நடுவே உள்ள தூரத்தை வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். தரையில் இரண்டடி டைல்ஸ் இருந்தால் இன்னும் சுலபம், ஒரு டைல்ஸ் 600 மி.மீ., மிச்சத்தை ஸ்கேலில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் உயரத்துக்கு 690-இல் இருந்து 740-க்குள் வரும் என்பது என் கணிப்பு. தோள் அகலமானவர் என்றால் கொஞ்சம் கூடும். அந்த எண்ணை வேதவாக்காக எடுக்க வேண்டாம், தொடங்குவதற்கு ஓர் இடம்.

அடுத்தது கைப்பிடி ரப்பர், அதாவது கிரிப். மூன்று மாதம் ஓட்டியிருக்கிறீர்கள் என்பதால் அது சொல்லும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பிரேக் பக்கம் உள்விளிம்பு வழவழவென்று தேய்ந்து, வெளிமுனை புதிதாகவே இருந்தால், உங்கள் கை தானாக உள்ளே வருகிறது என்று பொருள். ஹேண்டில் உங்களுக்கு ஏற்கெனவே அகலம். வெளிமுனை தேய்ந்து, உள்ளங்கைச் சதை முனையைத் தாண்டி வழிகிற மாதிரி இருந்தால் மட்டுமே அகலம் போதவில்லை என்று யோசிக்கலாம். சைக்கிள் கடைக்கு வருகிற பையன்களின் சைக்கிளைப் பார்த்திருக்கிறேன், பாதிக்கு மேல் உள்விளிம்புதான் தேய்ந்திருக்கும். அவர்களில் பலர் என்னிடம் கேட்டதோ இன்னும் அகலமான ஹேண்டில்!

குறைத்துப் பார்க்க வேண்டுமென்றால் அறுக்க வேண்டியதில்லை. திருகு வைத்த கிரிப்பாக இருந்தால், சின்ன அலன் கீயால் தளர்த்தி, பிரேக் லீவர், கியர் லீவர், கிரிப் மூன்றையும் பக்கத்துக்கு 10 மி.மீ. உள்ளே தள்ளி முடுக்குங்கள். குழாய் முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், பரவாயில்லை, மூடியைப் போட்டு வையுங்கள். இப்போது கைக்கு 700. இதோடு இரண்டு வாரம் ஓட்டுங்கள், ஆனால் நெருக்கமான இடத்தில் வேண்டாம், நீட்டிய முனை எங்காவது மாட்டும். முதல் இரண்டு நாள் எதை மாற்றினாலும் வித்தியாசமாகத்தான் தெரியும், அதை நம்பாதீர்கள். இரண்டாவது வாரத்தில் தோள்பட்டையும் பிடரியும் என்ன சொல்கின்றன என்று கேளுங்கள்.

அறுப்பது என்று முடிவு செய்தால் அவசரப்படாதீர்கள். அறுத்ததை ஒட்ட முடியாது. ஒரு தடவைக்குப் பக்கத்துக்கு 5 மி.மீ. போதும். முதலில், தயாரிப்பாளர் எவ்வளவு வரை அறுக்கலாம் என்று குழாய் முனையில் கோடு போட்டிருப்பார், அதைப் பாருங்கள். நடுவில் தடித்து ஓரத்தில் மெலிகிற குழாய் இது. நேராக, 22.2 மி.மீ. விட்டம் உள்ள ஓரப் பகுதியில்தான் கிரிப்பும் லீவர்களும் உட்காரும். அதிகம் அறுத்தால் பிரேக் லீவர் வளைவின் மேல் ஏறிவிடும், அப்புறம் எந்த இறுக்கமும் நிற்காது. அலுமினியக் குழாய்க்கு பிளம்பர் வைத்திருக்கும் பைப் கட்டர் நன்றாக வேலை செய்யும். அறுத்த இடத்தில் விளிம்பு கொஞ்சம் உப்பி நிற்கும், அரத்தால் ராவிவிடுங்கள், இல்லையென்றால் கிரிப் ஏறாது. ஆக்ஸா பிளேடு என்றால் மாஸ்கிங் டேப் சுற்றி, அதன் ஓரத்தை ஒட்டியே இழுங்கள். கார்பன் குழாய்க்கு மட்டும் பைப் கட்டர் போடவே கூடாது, நார் நசுங்கிவிடும். நுண்பல் பிளேடு, ஈரத் துணி, மூக்குக்கு முகக்கவசம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

அளப்பதைக் கடைக்காரரிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள். ஒரு கடையில் என் ஹேண்டிலை அறுக்கக் கொடுத்தேன். பக்கத்துக்கு 20 என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனது என் தப்பு. திரும்பி வந்தேன், எல்லாம் மாட்டித் தயாராக இருந்தது, காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு மாதம் சைக்கிள் வலப்பக்கம் இழுக்கிற மாதிரியே இருந்தது. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் வளைந்துவிட்டதோ, ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்கான ஹெட்செட் போய்விட்டதோ என்று என்னென்னவோ பார்த்தேன். கடைசியில் ஸ்டெம்மின் நடுவில் இருந்து டேப் பிடித்தால், இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் 12 மி.மீ. வித்தியாசம். அறுத்ததில் பாதி, மாட்டும்போது நடுவில் வைக்காததில் பாதி. நடுவில் கோடு போட்டிருக்கும், அது ஸ்டெம்முக்குச் சரியாக நடுவில் வருகிறதா என்று பார்த்த பிறகே முடுக்க வேண்டும். முடுக்கும் அளவு ஸ்டெம்மிலேயே அச்சடித்திருக்கும், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். நான்கு போல்ட்டையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். முழுப் பலத்தையும் காட்டினால் மரை போய்விடும்.

என்ன சொல்லியும் மனசு கேட்காமல் 780 வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், நடுப்பகுதியின் விட்டத்தைப் பார்த்து வாங்குங்கள். 31.8 மி.மீ.தான் பரவலாக இருக்கிறது, சிலவற்றில் 35, பழையதில் 25.4. ஒன்றின் ஸ்டெம் மற்றதற்குப் பொருந்தாது. மாட்டிய பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள், பிரேக் கேபிளோ, ஆயில் பிரேக்கின் ஹோஸோ விறைத்துக்கொண்டு நின்றால் நீளம் போதவில்லை என்று பொருள். ஸ்டெம்மையும் குறைக்க வேண்டிவரும். ஆக ஒரு பொருள் வாங்கப் போய் மூன்று பொருள்.

விரல் மரப்பது பற்றி. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து மேட்டில் ஒரு நரம்பு நசுங்குகிறது. மலையில் ஓட்டுபவர்களுக்கு இது குறைவு. அவர்கள் ஏறும்போது முன்னே சாய்வார்கள், இறங்கும்போது எழுந்து நிற்பார்கள், கை இடம் மாறிக்கொண்டே இருக்கும். நாம் மட்டமான கரையில் ஒரே நிலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்போம். உள்ளங்கையில் அதே இடம் அழுந்திக்கொண்டே இருக்கும். முதலில் சீட்டைப் பாருங்கள். மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னே சறுக்கி, பாரம் முழுவதும் கைக்கு வரும். ரசமட்டம் வைத்து மட்டமாக்குங்கள், போனிலேயே அதற்கு வசதி இருக்கிறது. அடுத்து பிரேக் லீவர். உட்கார்ந்து விரலை நீட்டினால் முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் லீவரைத் தொட வேண்டும். கடையில் இருந்து வரும்போது பெரும்பாலும் ரொம்பக் கீழே சாய்த்தோ, ரொம்ப மட்டமாகவோ வைத்திருப்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கரையில் எழுந்து நின்று மிதியுங்கள். இவ்வளவுக்கும் கேட்காமல், சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் மரப்பு நீடித்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

செலவழித்தே ஆக வேண்டுமென்றால், அகலத்தில் செலவழிக்காமல் பின்வளைவில் செலவழியுங்கள் என்பேன். மலைச் சைக்கிள் ஹேண்டில் பொதுவாக 7 முதல் 9 டிகிரிதான் பின்னால் வளைந்திருக்கும். தாத்தா ஓட்டிய ஹெர்குலஸை நினைத்துப் பாருங்கள், கைப்பிடி ஏறக்குறைய நம்மைப் பார்த்தே திரும்பியிருக்கும். பின்னால் நெல் மூட்டையைக் கட்டிக்கொண்டு பத்து மைல் போனவர்கள் மணிக்கட்டு வலிக்கிறது என்று சொல்லிக் கேட்டதில்லை. இப்போது 12, 16 டிகிரி வளைந்த ஹேண்டில்களும் வருகின்றன. சமவெளியில் உட்கார்ந்தே ஓட்டுபவனுக்கு அதுதான் சுகம். பார்க்க அழகாக இருக்காது, அது வேறு விஷயம்.

பிள்ளைகளுக்கு வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. என் அக்கா மகளுக்குப் பதிமூன்று வயது, சின்ன ஃபிரேம் சைக்கிள்தான், ஆனால் ஹேண்டில் 680. பெரியவர்களுக்குப் போடுவதையே போட்டு அனுப்பிவிடுகிறார்கள். பாவம், திரும்பும்போதெல்லாம் வெளிப்பக்கத்துக் கை எட்டாமல் தோளையே திருப்பிக்கொண்டிருந்தாள். மூன்று தவணையாக அறுத்து 620-க்குக் கொண்டுவந்தோம். அதற்குப் பிறகு வாய்க்கால் மேல் போட்ட ஒற்றைத் தென்னைமரப் பாலத்தில்கூட ஓட்டுகிறேன் என்று நிற்கிறாள். அதை மட்டும் விடவில்லை.

கரை பற்றியும் கொஞ்சம். வயல் வரப்பில் ஓட்டாதீர்கள். நடவுக்கு முன் அண்டை வெட்டிச் சேறு பூசிய வரப்பில் ஒரு சக்கரத் தடம் போதும், தண்ணீர் கசியத் தொடங்கிவிடும். அவர்கள் ஒரு நாள் கூலி போச்சு. நண்டு வளையில் முன்சக்கரம் இறங்கினால் உங்களுக்கும் நஷ்டம்தான். தை மாதம் சம்பா அறுத்த வயல் சும்மா கிடக்கிறது என்று குறுக்கே இறங்காதீர்கள், அறுப்புக்கு முன்பே உளுந்தோ பயறோ தெளித்திருப்பார்கள், தாளுக்கு நடுவில் முளைத்துக்கொண்டிருக்கும். மாட்டைக் கரையில் முளைக்குச்சி அடித்துக் கட்டியிருந்தால், கயிறு பாதைக்குக் குறுக்கே தரையோடு கிடக்கும். நீங்கள் பக்கத்தில் வரும்போது மாடு மிரண்டு இழுக்கும், கயிறு சரியாகச் சக்கர உயரத்துக்கு எழும்பும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் நல்லது, அந்தப் பாட்டி சொன்ன மாதிரி.

780-க்கு ஒதுக்கிய பணம் கையில் இருந்தால், இரண்டு சக்கரத்துக்கும் பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றுங்கள். சீமைக் கருவை முள் எந்த டயரையும் பார்த்துப் பயப்படாது. அதோடு காற்றையும் கொஞ்சம் குறைத்து ஓட்டுங்கள். டயரின் பக்கவாட்டில் 65 பிஎஸ்ஐ என்பதுபோல் எழுதியிருக்கும், அது உச்ச வரம்பு, அவ்வளவு அடித்தே தீர வேண்டும் என்று அர்த்தமில்லை. இரண்டேகால் அங்குல டயர், 65 கிலோ ஆள் என்றால் 28, 30 பிஎஸ்ஐ போதும். காய்ந்த களிமண் பாதையில் கையில் வாங்குகிற அதிர்ச்சி நன்றாகக் குறையும். உங்கள் விரல் மரப்புக்கும் இது ஹேண்டிலைவிட நல்ல மருந்து.

இந்தச் சோதனையை எல்லாம் சித்திரைக்கு முன்பே முடித்துவிடுங்கள். அதற்கப்புறம் தூர்வாரத் தொடங்கினால் வாய்க்காலில் அள்ளிய மண்ணைக் கரை மேலேதான் கொட்டுவார்கள், பாதை ஒரு மாதத்துக்குப் பொதபொதவென்று இருக்கும், எந்த ஹேண்டிலும் நேரே போகாது. பிறகு ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தார்களானால் சில நாளில் தண்ணீர் கல்லணை தாண்டி வாய்க்காலுக்கு வந்துவிடும், கரையின் உள்ளோரம் ஊறிக் குழையும். அப்போது கரையின் நடுவிலேயே ஓட்டுங்கள், எதிரே ஆள் வந்தால் வெளியோரம் இறங்கி நில்லுங்கள்.